சொல் புரிந்தும் பொருள் புரியாமை: ‘டார்மோக்’ தொலைக்காட்சி அத்தியாயம் – ஒரு மறுபார்வை

ஆய்வுச்சுருக்கம்

‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் 1991ஆம் ஆண்டு ஒளிபரப்பான ‘டார்மோக்’ அத்தியாயம், இரு வேறு இனத்தாரிடையே பேச்சு முறிவதையும் பின்னர் இணைவதையும் பொருளாகக் கொண்டது. முதல்முறை பார்ப்பவருக்கு இது ஒரு மொழிப்புதிரை விடுவிக்கும் கதையாகத் தோன்றுகிறது. விடை அறிந்தபின் மீண்டும் பார்க்கும்போது, புதிர் இருந்த இடத்தில் ஒரு நினைவு உருவாக்கப்படும் முறை புலனாகிறது. பொதுமொழி என்பது கண்டறியப்படுவதன்று, இழப்பை ஏற்றுச் சேர்ந்து ஆக்கப்படுவது என்பதே இவ்வத்தியாயத்தின் மையம் என இக்கட்டுரை வாதிடுகிறது. அம்மையத்திலிருந்து அத்தியாயம் தன் இறுதிக்காட்சியில் சற்றே விலகுவதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, தொலைக்காட்சித் தொடர், மறுபார்வை, தொன்மம், மொழிபெயர்ப்பு, கில்கமெஷ்

1. முன்னுரை

ஒரு நூலை மீண்டும் வாசிப்பதற்குத் திறனாய்வில் நெடுநாளாக மதிப்புண்டு. தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தை மீண்டும் பார்ப்பதோ பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. அறிவியல் புனைவுத் தொடர்களைப் பொறுத்தவரை இக்கருத்துக்கு ஒரு காரணமும் உண்டு. அவற்றுள் பல ஒரு புதிரை முன்வைத்து, சுமார் 45 நிமிடங்களில் அதை அவிழ்த்துவிடுகின்றன. விடை தெரிந்த விடுகதையை மறுமுறை கேட்பதில் என்ன பயன் என்ற ஐயம் இயல்பானதே.

இந்த ஐயத்துக்கு நேரடியாக விடை தரக்கூடிய அத்தியாயம் ‘டார்மோக்’. 1987 முதல் 1994 வரை ஏழு பருவங்களாக, 178 அத்தியாயங்களாக வெளிவந்த ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில், ஐந்தாம் பருவத்தின் இரண்டாம் அத்தியாயமாக 1991 செப்டம்பர் 30ஆம் நாள் தொடங்கிய வாரத்தில் இது ஒளிபரப்பானது. கதையை ஃபிலிப் லாஸெப்னிக்கும் ஜோ மெனோஸ்கியும் அமைத்தனர். திரைக்கதையை எழுதியவர் மெனோஸ்கி, இயக்கியவர் வின்ரிக் கோல்பே. கப்பல்தலைவர் பிக்கார்டாகப் பாட்ரிக் ஸ்டூவர்ட்டும், டமேரியர் தலைவர் டேதனாகப் பால் வின்ஃபீல்டும் நடித்தனர்.

இவ்வத்தியாயத்தில் புதிரின் விடையே ஒரு மொழி. எனவே விடை தெரிந்து மீண்டும் பார்ப்பவர் அம்மொழியை ஓரளவு அறிந்தவராகத் திரும்பி வருகிறார். முதற்பார்வையில் அவர் பிக்கார்டோடு நின்று விழிக்கிறார், மறுபார்வையில் டேதனோடு நின்று கேட்கிறார். இந்த இடமாற்றம் அத்தியாயத்தின் பொருளையே மாற்றுகிறது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கதைப்பின்னல்

டமேரியர் என்னும் இனத்தாரைக் கூட்டமைப்பின் கப்பல்கள் 100 ஆண்டுகளில் ஏழு முறை சந்தித்துள்ளன. சண்டை நேர்ந்ததில்லை, ஆயினும் பேச்சும் நிகழவில்லை. டமேரியர் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்ப்புக் கருவி பெயர்த்துத் தருகிறது. இன்னார், இன்ன இடத்தில், இன்ன நிலையில் என்றே அவர்களுடைய தொடர்கள் அமைகின்றன. அவற்றின் பொருள்தான் யாருக்கும் விளங்குவதில்லை.

எட்டாம் முறையான இச்சந்திப்பும் தோல்வியில் முடியும் தறுவாயில், டேதன் இரண்டு குறுவாள்களை ஏந்தியபடி பிக்கார்டையும் தன்னையும் எல்-அட்ரெல் என்னும் கோளின் தரைக்கு மாற்றிவிடுகிறான். மீட்பு முயற்சிகள் நடைபெறாதவாறு டமேரியர் கப்பல் ஒரு தடைப்புலத்தை எழுப்புகிறது. டேதன் ஒரு குறுவாளைப் பிக்கார்டிடம் வீசுகிறான். அதை இருவர் போருக்கான அறைகூவல் என எண்ணிப் பிக்கார்ட் ஏற்க மறுக்கிறார். பின்னர் அங்கு ஒரு கொடிய விலங்கு தோன்றுகிறது. இருவரும் சேர்ந்து அதை எதிர்க்கின்றனர். டேதன் படுகாயமுற்று இறக்கிறான். கப்பலுக்குத் திரும்பும் பிக்கார்ட், தாம் கற்ற சில தொடர்களைக் கொண்டு, போரில் இறங்கிவிட்ட இரு கப்பல்களையும் நிறுத்துகிறார்.

3. முதற்காட்சி மறுபார்வையில்

அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரு தலைவர்களும் திரைவழியே பேச முயலும் காட்சி, முதல்முறை பார்ப்பவருக்கு வெறும் ஒலிக்குழப்பம். மறுபார்வையில் அது தெளிவான நாடகக்காட்சி.

டேதன் முதலில் ராய், ஜிரி என்னும் இருவர் லுங்கா என்னுமிடத்தில் இருந்ததைச் சொல்கிறான். ஒருவர் லோவானியைச் சேர்ந்தவர், மற்றவர் உபாயாவைச் சேர்ந்தவர். உபாயா சாலைகள் குறுக்கிடும் இடம் என்ற குறிப்பும் உடன் வருகிறது. இத்தொடரின் பொருளை அத்தியாயம் எங்கும் விளக்கவில்லை. எனினும் வெவ்வேறு ஊரார் இருவர் ஓரிடத்தில் கூடிய கதையை ஒருவன் முதற்சந்திப்பில் சொல்கிறான் என்றால், அது வரவேற்பாகவோ நட்புக்கான அழைப்பாகவோதான் இருக்கவேண்டும் என மறுபார்வையில் ஊகிக்க முடிகிறது. அந்த அழைப்புக்குப் பிக்கார்ட் தரும் மறுமொழி, உடன்படிக்கை, வணிகம், பண்பாட்டுப் பரிமாற்றம் என்னும் அரசுமுறைச் சொற்களால் ஆனது. கேட்கும் டமேரியர் துணைத்தலைவன் சிரிக்கிறான். டேதன் டெமார்க் என்னும் ஆற்றைக் குறிப்பிடுகிறான், சிரிப்பு அடங்குகிறது. பிறகே ‘குளிர்காலத்தில்’ என முடிக்கிறான். உறைந்த ஆறு, அதாவது ‘வாயை மூடு’.

அதன்பின் இருவரிடையே வாக்குவாதம் எழுகிறது. டேதன் ‘டார்மோக்’ என்கிறான். துணைத்தலைவன் திடுக்கிட்டு, மிராப்பின் விரித்த பாய்களைச் சொல்கிறான். புறப்பட்டுவிடலாம் என்பது அவன் மன்றாட்டு. டேதன் மீண்டும் ஆற்றைச் சொல்லி அவனை அடக்குகிறான். முதற்பார்வையில் இது அச்சுறுத்தும் சதியாலோசனைபோல் தெரிகிறது. இப்போது பார்க்கும்போது, தன் தலைவன் உயிரைப் பணயம் வைக்கப்போகிறான் என உணர்ந்த ஒருவன் அவனைத் தடுக்க முயல்வதே தெரிகிறது. இறுதியில் நிகழும் இழப்பு தொடக்கத்திலேயே பேசப்பட்டுவிட்டது. அதை விளங்கிக்கொள்ளும் நிலையில் நாம் இருக்கவில்லை.

இங்கு இன்னொரு நுட்பமும் புலப்படுகிறது. துணைத்தலைவன் முதலில் மிராப்பின் பாய்களையும் சேர்த்துச் சொல்கிறான். மறுமுறை ‘மிராப்’ என்ற பெயரே போதுமானதாகிறது. டேதனும் பிந்திய முறை ஆற்றின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறான், குளிர்காலம் தேவைப்படவில்லை. நெருங்கியவர்களிடையே தொடர் சுருங்குகிறது, அந்நியரிடம் முழுமையாகச் சொல்லப்படுகிறது. நடிப்பும் எழுத்தும் இணைந்து ஒரு மொழிக்குரிய அன்றாட வழக்கை இங்குக் காட்டிவிடுகின்றன.

4. பெயர் மொழிபெயர்க்கப்படுவதில்லை

மொழிபெயர்ப்புக் கருவி தோற்றுவிட்டது என்றே கதைமாந்தர் எண்ணுகின்றனர். கூர்ந்து நோக்கினால் கருவி தோற்கவில்லை. சுவர்கள், விழுதல், கைகள், அகலம், பாய், குளிர்காலம் எனப் பொதுச்சொற்கள் அனைத்தும் சரியாகவே பெயர்க்கப்படுகின்றன. எஞ்சி நிற்பவை ஷாக்கா, டெம்பா, உசானி, சோக்காத் போன்ற சிறப்புப்பெயர்கள் மட்டுமே. பெயரைப் பெயர்க்க இயலாது, அதற்குரிய கதையைச் சொல்லத்தான் இயலும். மொழிபெயர்ப்பாளர் எவரும் அடிக்குறிப்பை நாடும் இடம் இதுவே.

கப்பலில் இருக்கும் டேட்டாவும் டிராயும் செய்வது அந்த அடிக்குறிப்பைத் தேடும் வேலை. டார்மோக் என்ற பெயர் தரவகத்தில் பேரரசன், வேட்டைக்காரன், குடியேற்றம், உறைந்த இனிப்பு எனப் பல கோள்களில் பல பொருளில் கிடைக்கிறது. டனாக்ரா என்ற பெயரையும் சேர்த்துத் தேடியதும் இரண்டுக்கும் பொதுவாக ஒரே கோள் தேறுகிறது. அங்கே டார்மோக் ஒரு தொன்ம வேட்டைக்காரன், டனாக்ரா ஒரு தீவுக்கண்டம். ஆய்வுமுறை என்ற அளவில் குறைசொல்ல ஏதுமில்லை. இவர்கள் தொன்மக் குறிப்புகளால் பேசுகிறார்கள் என்ற சரியான முடிவையும் அவ்விருவர் எட்டுகின்றனர். அதனால் ஒரு தொடரைக்கூடப் பேச முடியவில்லை. இலக்கணம் தெரிந்து சொற்களஞ்சியம் தெரியாத நிலை இது என்று டேட்டாவே ஒப்புக்கொள்கிறான். மாடத்தில் நிற்கும் ஜூலியட் யார், அவள் அங்கு ஏன் நின்றாள் என்பதை அறியாதவருக்கு அக்காட்சியால் பயனில்லை என்று மருத்துவர் க்ரஷர் எடுத்துரைப்பதும் இதையே.

இந்நிலையைத் தமிழ் வாசகர் தம் மரபில் வைத்தும் சோதித்துப் பார்க்கலாம். தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமம், தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டது. சொல்லப்பட்ட காட்சி தன்னளவில் ஒரு பொருளைத் தந்து நிற்க, அதன்வழியே சொல்லப்படாத பொருள் கொள்ளப்படும். எனவே உள்ளுறையை அறியாதவருக்கும் வெளிப்பொருள் மிஞ்சும். டமேரியர் தொடரில் அவ்வாறு கைக்கொள்ளத்தக்க வெளிப்பொருள் இல்லை. அதற்கு நெருக்கமானது உள்ளுறையைக் காட்டிலும் வள்ளல்களைச் செயலால் சுட்டும் மரபே. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களை அவரவர் கொடைச்செயலோடு அடையாளப்படுத்துகிறது. முல்லைக்குத் தேர் ஈந்தவன் என்றதும் கொடை என்னும் பண்பு விளங்கிவிடுகிறது. ‘டெம்பா, அவன் கைகள் அகன்று’ என்னும் டமேரியர் தொடரும் கொடையையே குறிக்கிறது. பாரியின் கதை அறியாத ஒருவருக்குத் தேரும் முல்லையும் சொல்லளவில் புரியும், கொடை புரியாது. தமிழில் கொடை என்ற சொல்லும் உண்டு என்பதே வேறுபாடு. டமேரியருக்குத் தேரும் முல்லையும் மட்டுமே உள்ளன.

5. உருவகமா, உத்தியா?

டமேரியர் மொழியை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சான்று காட்டிப் பேசுவது, உருவகத்தால் பேசுவது என்று பிக்கார்ட் கண்டுகொள்கிறார். 2014ஆம் ஆண்டு ‘தி அட்லாண்டிக்’ இதழில் இயன் பொகோஸ்ட் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. உருவகமோ உருவகக்கதையோ ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை நிறுத்துவது, டமேரியர் தொடரோ ஒரு செயல்முறையை, ஓர் உத்தியைச் சுட்டுவது என்பது அவர் வாதத்தின் சாரம். உசானியின் படை கையை விரித்ததும் மூடியதும் பற்றிய தொடர் இதற்குச் சிறந்த சான்று. விலங்கைப் பிரிந்து ஈர்த்துப் பின் நெருங்கித் தாக்குவது என்னும் போர்முறையை அது அங்கேயே செயற்படுத்துகிறது.

இவ்விளக்கம் வலுவானது, ஆயினும் முழுமையானதன்று. சுவர்கள் விழுந்தபோது ஷாக்கா இருந்த நிலையைச் சொல்லும் தொடர் எந்தச் செயல்முறையையும் வகுப்பதில்லை. அது தோல்வியை ஏற்கும் புலம்பல். உத்தியாயினும் புலம்பலாயினும், முன்பு ஒருவருக்கு நேர்ந்ததைப் பேசுவோரும் கேட்போரும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. ஆகவே இதை நினைவுமொழி எனக் கொள்வதே பொருத்தம்.

இத்தகைய மொழி சாத்தியமா என்ற எதிர்வினாவும் எழும். கதையைச் சொல்லக் கதையல்லாத மொழி வேண்டும். அது இல்லையெனில் டமேரியர் குழந்தைகள் டெம்பாவைப் பற்றி எவ்வாறு அறிவர்? முதற்பார்வையில் இது கதையின் ஓட்டையாகத் தோன்றும். மறுபார்வையில் அத்தியாயம் மறைமுகமாக ஒரு விடை வைத்திருப்பது தெரிகிறது. டேதன் பிக்கார்டுக்கு டார்மோக்கின் கதையை முதலில் சொல்வதில்லை. இரண்டு வாள், இரண்டு ஆள், ஒரு தனித்த நிலம், ஒரு விலங்கு என்று அக்கதையின் உறுப்புகளைக் கூட்டிவைத்து அதை வாழச் செய்கிறான். கதை நிகழ்ந்தபின்னரே சொல்லப்படுகிறது. டமேரியர் கல்வி நடித்துக் காட்டுவதிலும் உடனிருந்து செய்வதிலும் தொடங்கும் என ஊகிக்க இது இடம் தருகிறது.

6. நேர்ந்தால் ஒழியக் கிட்டாத பொருள்

எல்-அட்ரெலின் முதல் இரவில் பிக்கார்டால் நெருப்பு மூட்ட முடியவில்லை. டேதன் தன் நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வீசி, டெம்பாவின் அகன்ற கைகளைச் சொல்கிறான். பிக்கார்ட் கற்ற முதல் தொடர் இது. பொருள் விளக்கத்தால் வரவில்லை, குளிரில் கிடைத்த நெருப்பால் வந்தது. மறுநாள் விலங்கு நெருங்கும் வேளையில் உசானியின் உத்தி பிடிபடுகிறது. சோக்காத்தின் கண்கள் திறந்ததாக டேதன் மகிழ்ந்து கூவுகிறான்.

அடுத்த கணத்தில் நிகழ்வதே இவ்வத்தியாயத்தின் கடுமையான முரண். பிக்கார்டை மீட்பதற்காக என்டர்பிரைஸ் கப்பல் இடமாற்றுக் கருவியை இயக்குகிறது. கதிரில் சிக்கிய பிக்கார்ட் அசையமுடியாமல் நிற்க, தனித்துவிடப்பட்ட டேதனை விலங்கு தாக்குகிறது. மீட்பும் தோற்றுப் பிக்கார்ட் அதே இடத்துக்குத் திரும்புகிறார். முதற்பார்வையில் இது பதற்றத்தைக் கூட்டும் திருப்பம் மட்டுமே. மறுபார்வையில், டேதனைக் கொன்றது விலங்கு மட்டுமன்று என்பது தெரிகிறது. புரிந்துகொள்ளாத நல்லெண்ணமும் அக்கொலையில் பங்கு வகிக்கிறது. தங்கள் தலைவர் கடத்தப்பட்டார் என்று நம்பியவர்கள், அந்த நம்பிக்கைக்கேற்ற சரியான செயலைச் செய்தனர். பொருள் புரியாமையின் விலை இங்கு உயிராகிறது. கப்பலில் நிகழும் காட்சிகள் தரையில் நிகழும் கதைக்கு வெறும் இடைநிரப்பல் அல்ல என்பதும் இப்போதுதான் விளங்குகிறது.

இரண்டாம் இரவில் இறந்துகொண்டிருக்கும் டேதன், டார்மோக்கும் ஜலாடும் தனித்தனியே கடலில் வந்ததையும், டனாக்ராவில் விலங்கை எதிர்த்ததையும், ஒன்றாகத் திரும்பியதையும் துண்டுதுண்டாகச் சொல்கிறான். பிறகு, பாஷியில் இருந்த கிரா என்பவரைக் குறிப்பிட்டு டெம்பாவின் பெயரையும் சேர்க்கிறான். ‘நீயும் ஒரு கதை கொடு’ என்பது அதன் பொருள். கதை கேட்பதற்கும் அம்மொழியில் ஒரு கதையே சொல்லாக உள்ளது.

பிக்கார்ட் தேர்ந்தெடுப்பது கில்கமெஷ் கதை. ஊருக்கின் அரசன் கில்கமெஷும் காட்டு மனிதன் என்கிடுவும் முதலில் மோதிப் பின்னர் நண்பராயினர், ஒன்றாகப் போரிட்டனர், என்கிடு இறந்தான். வாளை அறைகூவலாகப் பிழைபட உணர்ந்த பிக்கார்டின் சொந்த நிலை இக்கதையில் அப்படியே உள்ளது. என்கிடுவின் சாவைச் சொல்லும்போது டேதனும் இறக்கிறான்.

இத்தேர்வின் பொருத்தம் இவ்வளவோடு நிற்பதில்லை. கில்கமெஷ் காப்பியம் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் மறைந்தபின், 19ஆம் நூற்றாண்டில் நினிவேயின் அசூர்பானிபால் நூலக இடிபாடுகளிலிருந்து பலகைகள் மீட்கப்படும்வரை அது வாசிப்பாரின்றிக் கிடந்தது. 1872ஆம் ஆண்டு ஜார்ஜ் ஸ்மித் அதிலிருந்த வெள்ளக்கதையைப் படித்தறிவித்தார். ஆகவே பிக்கார்ட் சொல்வது வாய்வழியாக வழிவழி வந்த பரம்பரைச் சொத்தன்று. பேசியவர் மறைந்தபின் வேற்றார் முயன்று கற்ற கதை அது. நினைவு பிறப்பால் மட்டுமே கிட்டும் என்றால் இக்கதை பிக்கார்டுக்கும் சொந்தமில்லை. கற்றலால் ஒருவர் பிறர் நினைவுக்குள் நுழைய முடியும் என்பதற்கு அந்த இரவில் சொல்லப்பட்ட கதையே சான்றாகிறது.

7. இறுதிக்காட்சியின் விலகல்

போரை நிறுத்தும் காட்சியில் பிக்கார்ட் தாம் கற்ற பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். டமேரியர் துணைத்தலைவன் அப்போது ஒரு புதுத்தொடரை ஆக்குகிறான்: ‘பிக்கார்டும் டேதனும் எல்-அட்ரெலில்’. அகராதியில் ஒரு பதிவு கூடிவிட்டது. டேதனின் குறுவாளைப் பிக்கார்ட் டெம்பாவின் பெயரால் நீட்ட, அவன் டெம்பா ஓய்ந்திருப்பதைச் சொல்லி அதை அவரிடமே விட்டுவிடுகிறான். அத்தியாயத்தின் உச்சம் இதுவே.

இதன்பின் வரும் இறுதிக்காட்சியில் பிக்கார்ட் ஹோமரிய வழிபாட்டுப் பாடல்களைக் கிரேக்கத்தில் படித்துக்கொண்டிருக்கிறார். நம் தொன்மங்களை நன்கு அறிவது அவர்களுடைய தொன்மங்களை அணுக உதவலாம் என்கிறார். மறுபார்வையில் இது ஒரு பின்வாங்கலாகப் படுகிறது. அதுவரை அத்தியாயம் காட்டியது வேறு. டேட்டாவும் டிராயும் தொன்மங்களைத் தேடிக் கண்டும் பேசமுடியவில்லை. ஓரிரவு உடனிருந்த பிக்கார்டால் பேசமுடிந்தது. நூலறிவு வேண்டுவதே, ஆயினும் அது மட்டும் கதவைத் திறக்கவில்லை. தொன்ம அறிவைத் தீர்வாக முன்வைக்கும் அவ்வுரையாடல், டேதன் உயிர்கொடுத்து ஆக்கியதை நூலகப் பயிற்சியாகச் சுருக்கிவிடும் அபாயம் உடையது. நல்லவேளையாகக் காட்சி உரையாடலோடு முடியவில்லை. பிக்கார்ட் வாளைக் கையிலேந்திச் சாளரத்தருகே நின்று, டமேரியர் முறையில் வணங்குகிறார். அந்தச் சைகை உரையாடலைத் திருத்திவிடுகிறது.

அறம் சார்ந்த ஒரு வினாவும் எஞ்சுகிறது. டேதன் பிக்கார்டின் இசைவைப் பெறாமலே அவரை உயிராபத்துக்குள் இட்டுச் சென்றான். பொதுமொழி இல்லாதபோது இசைவைக் கேட்கவும் வழியில்லை என்பது அவனுக்காகச் சொல்லத்தக்க மறுமொழி. எனினும் அவன் நோக்கம் நல்லதாயிருந்ததால் மட்டுமே இச்செயல் பொறுக்கத்தக்கதாகிறது. அவன் முதலில் தன் உயிரைப் பணயமாக வைத்தான் என்பதையும் பார்வையாளர் மறப்பதற்கில்லை. அத்தியாயம் இவ்வினாவை எழுப்பாமலே கடந்துவிடுகிறது.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘டார்மோக்’ அத்தியாயத்தில் மறுபார்வை என்பது கூடுதல் இன்பம் மட்டுமன்று, அதன் பொருள் முழுமைபெற வேண்டியதொரு படிநிலை. முதற்காட்சியின் வாக்குவாதத்தை விளங்கிக்கொள்ள இறுதிக்காட்சியைக் கடந்து வந்தாக வேண்டும். இரண்டாவது, இங்குப் பேச்சு முறிவது சொற்களால் அன்று, பெயர்களால். பெயருக்குரிய கதையைத் தரவாகப் பெறுவதும் நினைவாகப் பெறுவதும் வேறு. மூன்றாவது, அவ்வாறான நினைவு இருவரிடையே முன்னரே இல்லாதபோதும் அதைப் புதிதாக ஆக்க இயலும். அதற்கு ஒருவர் முதலில் தம்மை இழக்கத் துணிய வேண்டும்.

இத்தொடரின் ஆர்வலர்கள் தோல்வி நேரும்போது ஷாக்காவின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டு விளங்கிக்கொள்பவர் இவ்வத்தியாயத்தைப் பார்த்தவர், பார்க்காதவருக்கு அது வெறும் ஒலி. டமேரியர் மொழி சாத்தியமா என்ற வினாவுக்கு இவ்வழக்கும் ஒரு விடை. அத்தியாயத்தை ஒருமுறை பார்த்தவர் புதிரின் விடையை அறிகிறார். மீண்டும் பார்ப்பவருக்கு, தொடக்கத்திலேயே துணைத்தலைவன் மிராப்பின் பெயரைச் சொல்லிக் கெஞ்சுவது கேட்கிறது. அதைக் கேட்டும் டேதன் ஏன் புறப்படவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.